கொஞ்சம் சோறு, நிறைய இலை: நம் பண்டிகைச் சாப்பாட்டின் கதை



பொங்கல் நெருங்குகிறது. பெங்களூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் இருப்பவர்கள் பஸ்ஸுக்கு டிக்கெட் கிடைத்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நேரம். போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், இந்தத் தடவை எல்லாரும் எங்க வீட்லதான் சாப்பிடறாங்க. இருபது பேர். நம்ம ஊர்ப் பாரம்பரியச் சாப்பாடா செய்யணும்னு ஆசை. எது சார் நம்ம பாரம்பரியம்?" என்றாள். சமையல் குறிப்பு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் வரலாற்றுப் பாடம் நடத்தியவனிடம் 'பாரம்பரியம்' என்று சொன்னால் சும்மா விடுவேனா? போனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் மண்ணின் பழைய விருந்திலிருந்து தொடங்குவோம். தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் வெறும் கதைப் பாத்திரம் இல்லை என்பதற்குச் சான்றாக 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் அவன் பெயர் பொறித்த கல்வெட்டே கிடைத்தது. அவனைப் பற்றி ஒளவை பாடியதில் நெல்லிக்கனிக் கதை மட்டும்தான் நமக்கு நினைவிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றியும் அவர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 101-ஆம் பாட்டில், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல நாள், பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் காட்டிய அதே முகத்தோடு வரவேற்பவன் அவன் என்கிறார். அவன் இறந்த பிறகு அழுது பாடிய 235-ஆம் பாட்டில் இன்னொரு செய்தி வருகிறது. சோறு கொஞ்சமாக இருந்தாலும் அதைப் பல கலங்களில் பகிர்ந்து எல்லாரோடும் சேர்ந்து உண்பவனாம்.

நன்றாகக் கவனியுங்கள். நிறைய இருக்கும்போது கொடுத்ததை மட்டும் அவர் புகழவில்லை. கொஞ்சம் இருக்கும்போது இலைகளைக் கூட்டியதையும் சேர்த்துப் புகழ்கிறார். மழை குறைந்த மேட்டு நிலத்து மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாராட்டு கிடையாது.

பொங்கலுக்குக் கரும்பு வாங்குகிறோமே, அதிலும் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை இந்த நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று 99-ஆம் பாட்டில் ஒளவை சொல்கிறார். அடுத்த வாரம் கரும்பு கடிக்கும் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி 'விருந்து' என்ற சொல்லைப் பார்ப்போம். அதன் பழைய பொருள் 'புதுமை'. தொல்காப்பியத்தில் புதிதாகச் செய்யப்படும் நூல் வகைக்கே விருந்து என்று பெயர். அதிலிருந்துதான் வீட்டுக்குப் புதிதாக வரும் ஆளும் விருந்து ஆனார். வள்ளுவர் விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரத்தில் வைத்தார். சொந்தக்காரர்களை அரவணைப்பதற்குத் தனியாக 53-ஆம் அதிகாரம், சுற்றந்தழால். இரண்டும் வேறு வேறு. அண்ணன் தம்பி, மாமன் மச்சானுக்கு இலை போடுவது சுற்றம் தழுவுதல். முன்பின் அறியாதவருக்குப் போடுவதுதான் விருந்து. இன்று நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். இதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, நம் தாத்தா பாட்டிகள் பண்டிகைக்கு என்ன சாப்பிட்டார்கள்? அதற்கு முன்னால் மற்ற நாளில் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டும். நம் பக்கம் ராகிக் களி, கம்பங்கூழ், சாமைச் சோறு. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ, கொள்ளோ, அவரைக்கொட்டைக் குழம்போ. அரிசிச் சோற்றுக்கு 'நெல்லுச் சோறு' என்று தனிப் பெயரே இருந்தது. பொங்கல், தீபாவளி, கல்யாணம், கருமாதி, இல்லையென்றால் வீட்டில் யாராவது நோயில் படுத்தால்தான் நெல்லுச் சோறு.

காரணம் எளிது. நெல்லுக்கு நின்ற தண்ணீர் வேண்டும். காவிரி ஒகேனக்கல்லில் நம் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆனால் பள்ளத்தில் ஓடுகிறது, வயலுக்கு ஏறாது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோதும் அதன் தண்ணீர் கீழே டெல்டாவுக்குத்தான் போயிற்று. நமக்கு வாய்த்தது மானாவாரி நிலம், ஏரி, கிணறு. அதில் நன்றாக விளைந்தது ராகியும் சாமையும்தான்.

இட்லியும் அப்படித்தான். இன்று காலை அவசரத்துக்கு இட்லி. அன்று தீபாவளிக்கு இட்லி. உளுந்து காசு கொடுத்து வாங்க வேண்டியது. அரிசியை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஒருத்தி தள்ள, ஒருத்தி ஆட்ட, கூட்டுக் குடும்பத்துக்கு மாவு ஆட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை இற்றுவிடும். அதனால்தான் எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு இட்லியும் கறிக்குழம்பும் என்றால் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம். கச்சாயமும் அதிரசமும் எள்ளுருண்டையும் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. நாம் 'ஆதிகாலத்துச் சாப்பாடு' என்று நினைப்பதில் பல வந்தேறிகள். ராகியே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கியபின் வந்தவை. பொங்கல் குழம்பில் போடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். பரங்கிக்காய் தன் ஊரைப் பெயரிலேயே ஒட்டவைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதியமான் வீட்டு விருந்தில் காரத்துக்கு மிளகுதான் இருந்திருக்கும். மொச்சையும் அவரையும் மட்டும் நெடுங்காலமாக நம்மோடு இருப்பவை. ஆக, வெளியிலிருந்து வந்தவருக்கு இடம் கொடுத்துக் கொடுத்துத்தான் நம் அடுப்பே வளர்ந்திருக்கிறது.

நம் வீடுகளில் சோற்றை வீணாக்கினால் பாட்டிகளுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் ஊர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கும் மேல் இருந்த அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், பிழைப்பு தேடிப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877-இல் கூலியைக் குறைத்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. கஞ்சித்தொட்டி வரிசையில் நின்ற தலைமுறையின் பேத்திகள்தான் நம் பாட்டிகள். இலையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் அவர்கள் பேசாமல் இருந்ததில்லை.

அதன் பின்னும் அரிசி எளிதாகி விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் வந்தது. 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி, அவரும் நம் பழைய சேலம் மாவட்டத்துக்காரர்தான், உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1965-இல் திரும்பவும் நெருக்கடி. வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். விருந்துக்கு இத்தனை பேருக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று பல மாநிலங்களில் உத்தரவே இருந்தது. விருந்துக்குச் சட்டம் போட்ட காலம் அது! 1967 தேர்தலே 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற பேச்சில்தான் சூடு பிடித்தது. பிறகு புது நெல் ரகங்கள், பம்புசெட், நியாயவிலைக் கடை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011-இலிருந்து விலையில்லா அரிசி. நெல்லுச் சோறு பண்டிகையிலிருந்து இறங்கி அன்றாடத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பெயரும் மறைந்துவிட்டது. பசியை வென்ற வரலாறு இது. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

இனி கொஞ்சம் கசப்பான பாடம். 'அந்தக் காலத்தில் ஊரே கூடி உண்டது' என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறோம். எந்த ஊர்? யார் கூடினார்கள்? வயலில் நெல் அறுத்தவர்களுக்குப் பண்டிகைச் சோறு கிடைத்தது, ஆனால் புறக்கடையில், அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தில். திண்ணை வரை வரலாம், கூடத்துக்கு வரக் கூடாது. இது நம் பக்கமும் இருந்தது, தமிழ்நாடு முழுவதும் இருந்தது. 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டதுதான் மாநிலத்தையே உலுக்கிய சண்டை. வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தப் பள்ளியை எதிர்த்து நின்றவர்கள் பெரியாரும், ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும். சமபந்தி என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்டது நம் வீட்டுக் கூடத்தில் அல்ல, பள்ளி வராந்தாவில்தான். 1956-இல் காமராஜர் தொடங்கியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியதும் பசிக்கான திட்டங்கள் மட்டும் இல்லை. அந்த வராந்தாவில் தட்டோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் நீங்கள். பெரியவர்களான பிறகு ஒருவர் வீட்டுக் கூடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? பதிலை எனக்கு எழுத வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சமைத்தவர்களைப் பற்றி. முதல் பந்தி ஆண்களுக்கும் விருந்தாளிக்கும், அடுத்தது பிள்ளைகளுக்கு, கடைசியில் பெண்கள். கறித்துண்டு கடைசிப் பந்திவரை தாங்காது, குழம்பு தாங்கினால் பெரிது. 1955-இல் கோவையில் கிரைண்டர் வந்தது, பிறகு மிக்ஸி வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. 2011-இலிருந்து அரசே மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்தது. தோள்பட்டை வலி குறைந்தது. பந்தி வரிசை மட்டும் பல வீடுகளில் மாறவே இல்லை. இயந்திரத்தால் மாற்ற முடியாததை மனிதர்கள்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே, அம்மா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். மெனுவில் பாரம்பரியத்தைத் தேடாதே. மெனு எப்போதும் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நெல்லுச் சோறு அன்றாடம் ஆகிவிட்ட இந்தக் காலத்தில், களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான் பண்டிகைச் சாப்பாடு என்று நீ முடிவு செய்தால் அதுவும் சரிதான். 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு மாவட்டங்களில் நம் தர்மபுரியும் ஒன்று, மற்றது நீலகிரி. நம் பாட்டிகள் வேறு வழியில்லாமல் தின்றதை இன்று நாம் விரும்பித் தேர்ந்தெடுக்க முடிகிறது. அந்த இடைவெளியில்தான் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

இருபது பேர் வருகிறார்கள் என்றாயே, இருபத்தொன்றாவதாக ஒரு இலை போடு. சொந்தம் இல்லாத ஒருவரை, உன் வீட்டுக் கூடத்தில் இதுவரை உட்காராத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவை. வள்ளுவர் கணக்கில் அப்போதுதான் அது விருந்து. சமைத்த பெண்கள் முதல் பந்தியில் உட்காரட்டும், ஆண்பிள்ளைகள் பரிமாறட்டும். சோறு குறைந்தால் குறையட்டும், பகிர்ந்துகொள்ளலாம். கடைசியில் நம் கடத்தூர்ச் சந்தை வெற்றிலை இருக்கவே இருக்கிறது.

மற்ற எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டில் மூத்த பெண்மணி யாரோ அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சின்ன வயதில் வருஷத்துக்கு எத்தனை நாள் நெல்லுச் சோறு சாப்பிட்டீர்கள்? பண்டிகையன்று எத்தனையாவது பந்தியில் உட்கார்ந்தீர்கள்? அவர் சொல்வதை ஒரு நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரலாறு அது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், கடத்தூர்.