ஔவையாரும் கே. பி. சுந்தராம்பாளும்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரப் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடந்தால் ஓர் ஔவையாராவது மேடையேறுவார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய திருநீறு, கையில் கோல். இந்தக் கோலத்தைத் தமிழர் மனத்தில் பதியவைத்தது 1953 ஆகஸ்டு 15 அன்று வெளியான ‘ஔவையார்’ திரைப்படம். எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். ஔவையாக நடித்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

அப்போது அவருக்கு வயது 44தான். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தது முதல் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலையே உடுத்தினார். ஆகவே திரையில் கண்ட உடை ஒப்பனைக்காரர் தந்தது மட்டுமன்று. பாதி அவருடைய சொந்த வாழ்க்கை. ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) படங்களிலும் அவரே ஔவை. வேறொருவரை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை!

நடிகரைப் பழம்புலவரோடு இணைத்துக் காட்டும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு. ஓவியர் குனிசடா 1852இல், கபுகி நாடக நடிகர்களை 36 செவ்வியல் கவிஞர்களோடு பொருத்தி மர அச்சுப் படங்களாக வெளியிட்டார். 1842இல் அரசு நடிகர் படங்களுக்குத் தடை விதித்திருந்ததால், நடிகரின் பெயரை அச்சிடவில்லை. முகத்தைப் பார்த்தே மக்கள் அடையாளம் கண்டனர். இவ்வாறு ஒன்றை மற்றொன்றாகப் பார்ப்பதை ‘மிதாதே’ என்பர். அங்கே பார்ப்பவருக்கு நடிகர் வேறு, கவிஞர் வேறு என்பது தெரியும். அந்த விளையாட்டில்தான் சுவையே.

நம்மிடம் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால் மாணவர்க்கு ஓர் இடர்ப்பாடு. ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தனர். சங்க ஔவையின் பாடல்கள் 59; அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. அதியமானின் நண்பராக, தொண்டைமானிடம் தூது சென்றவர் இவர். புறநானூற்றுப் பாடல் ஒன்றில் இவரை ‘விறலி’ என்றே விளிக்கிறார்கள். ஆடிப்பாடும் இளம்பெண்ணுக்குரிய சொல் அது. ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். முதுமையை வேண்டிப் பெற்ற கதை திரைப்படத்துக்கு முன்பே வழங்கியது. படம் சங்கக் கதைகளையும் பிற்காலக் கதைகளையும் ஒரே பாட்டியின் வாழ்க்கையாகக் கோத்து, அதற்கு ஒரு முகமும் குரலும் தந்தது. அந்தக் குரலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதியமான் தந்த நெல்லிக்கனியைப் பாடும் புறநானூற்று 91ஆம் பாடலைப் படிக்கும்போது, அந்த மூதாட்டியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.