சொல்லுக்கு உரியவர் யார்?

நெய்க்காரப்பட்டியில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் அண்மையில் கட்டுரையொன்றைக் கொண்டுவந்தார். நடை தெளிவாகவே இருந்தது. எந்தக் கிதாபைப் பார்த்து எழுதியது என வினவினோம். "செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தது, ஹஜ்ரத்" என்றார். அக்கருவி யாரிடம் கற்றது என்னும் வினாவிற்கு அவரிடம் விடையில்லை.

யாரிடம் கற்றோம் என்பதைச் சொல்லிய பின்னரே கற்றதைச் சொல்வது நம் முன்னோர் மரபு. அத்தொடருக்கு ஸனது என்று பெயர். ஆசிரியரிடம் ஓதிய கிதாபைப் பிறருக்குப் போதிக்க அவர் தரும் அனுமதி இஜாஸா எனப்பட்டது. மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் தஃப்ஸீர் ஜலாலைனையே எடுத்துக்கொள்வோம். இமாம் ஜலாலுத்தீன் மஹல்லீ அதனை நிறைவு செய்யாமலே 1459இல் மறைந்தார்கள். எஞ்சிய பகுதியை இமாம் சுயூத்தீ எழுதி முடித்தார்கள். ஆயினும் தம் பங்கு எதுவரை என்பதை இஸ்ரா அத்தியாயத்தின் இறுதியில் குறித்தே வைத்தார்கள். பிறர் எழுத்தைத் தமதாக்கிக்கொள்வோரைக் கண்டித்து, நூலாசிரியனையும் திருடனையும் பிரித்துக் காட்டுவது என்னும் பொருள்படும் பெயரில் தனி நூலே இயற்றியவர்களும் அவர்களே.

நிற்க. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் பிறந்தது. எழுத்தாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவர் நூலுக்கு அது காவல் நிற்கிறது. ஆனால் கருவிக்குப் பயிற்சியளிக்க அந்நூலை எடுக்கலாமா என்பதை அது வெளிப்படையாகக் கூறவில்லை. தன் செய்திகள் அனுமதியின்றி அவ்வாறு எடுக்கப்பட்டன என ஏ.என்.ஐ. நிறுவனம் 2024 நவம்பரில் ஓபன்ஏஐ மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

அதே ஆண்டு ஜனவரியில் தமிழகம் வேறொன்றைக் கண்டது. 1998இல் மறைந்த ஷாகுல் ஹமீத், 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படப் பாடலொன்றில் இத்தொழில்நுட்பத்தால் ஒலிக்கச் செய்தார். குரலின் சாயலுக்கென அச்சட்டத்தில் தனி விதியில்லை. இருந்தும் இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, ஊதியமும் அனுப்பியதாக அவர் அறிவித்தார்.

புகழ்பெற்ற பாடகரின் குடும்பத்தைத் தேடிக் காண்பது எளிது. சிற்றிதழில் எழுதி மறைந்த ஏழைப் புலவரின் வாரிசை எந்த நிறுவனம் தேடிச் செல்லும்? ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அவ்வாரிசின் ஹக்கை விட்டுவிட இயலாது. எவருடைய எழுத்தை எடுத்தோம் என்பதைக் கருவி செய்வோர் வெளியிட்டாக வேண்டுமெனச் சட்டமே கூறவேண்டும். ஸனது தெரிந்தால்தான் இஜாஸா கேட்க முடியும். கூலியும் உரியவர் கைக்குச் சேரும்.

அம்மாணவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. மூன்று கிதாபுகளை எடுத்துக் கொடுத்து, எதை எவரிடமிருந்து பெற்றார் என்று குறித்து மீண்டும் எழுதிவரச் சொன்னோம்.