தொழிலாளர் விளையாட்டுக் கழகங்கள்

ஒரே ஆலையிலோ சுரங்கத்திலோ பணிமனையிலோ வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் காசு போட்டுத் தொடங்கிய ஆட்டக் குழுக்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இவை பெருகின. அங்கே 1850ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு முடித்தது. அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது.

இன்றைய மான்செஸ்டர் யுனைடெட், 1878இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனை ஆட்கள் தொடங்கிய குழு. ஆர்சனல், 1886இல் வுல்விச் ஆயுதச்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. டேவிட் டான்ஸ்கின் என்பவர் முன்னின்று சக தொழிலாளர்களிடம் ஆளுக்கு ஆறு பென்னி வசூலித்தார். சிவப்புச் சட்டைகள் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்திடமிருந்து இனாமாக வந்தன. அந்த நிறம் இன்றும் மாறவில்லை.

ரக்பியில் கதை இவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர் அணிகளில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஆடினார்கள். சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் என்றால் காலை வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் சம்பளம் போகும். அந்த இழப்பைக் கழகமே ஈடுகட்டலாம் என்ற கோரிக்கையை 1893இல் ரக்பி சங்கம் தள்ளிவிட்டது. சம்பளக் கவலை இல்லாதவர்களுக்கு அமெச்சூர் தூய்மை பேசுவதில் சிரமம் ஏது? 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கழகங்கள் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என்றும் முடிவு செய்தன. 1906இல் அணிக்கு 15 பேர் 13 ஆனார்கள். 1922இல் ரக்பி லீக் என்ற பெயர் நிலைத்தது. ஊதியமின்றி ஆடும் கழகங்களுக்கான சங்கம் 1973இல் அதே ஹடர்ஸ்ஃபீல்டில் உருவானது.

இந்தியாவில் வரிசை தலைகீழ். அங்கே தொழிலாளி ஆட்டக்காரன் ஆனான். இங்கே ஆட்டக்காரனைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தார்கள். ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் 1928இலேயே அமைந்தது. ரயில்வே, காவல்துறை, வங்கிகள் என எல்லா இடத்திலும் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வே வழியாயிற்று. ஆட்டத்துக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டு இல்லை என்பதால், ஹடர்ஸ்ஃபீல்டில் சண்டைக்குக் காரணமான கேள்வி இங்கே எழவே இல்லை.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் தொழிற்சாலைக்குக் குறைவில்லை. அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லைத் தேடித் தனியார் ஆலைகளும் சுற்றிலும் வந்தன. பெரம்பலூருக்கு அருகே நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. ஆனாலும் இப்பக்கம் கபடிக் குழு ஊர்ப் பெயரில்தான் களம் இறங்கும். மூன்று ஷிப்டில் பிரிந்து கிடக்கும் ஆட்களை ஒரே மாலையில் திரட்டுவதைவிட, பொங்கலுக்கு ஊர் திரும்பியவர்களில் ஏழு பேரைச் சேர்ப்பது எளிது. கபடிக்குப் பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம்; வசூல் பெரும்பாலும் பனியனுக்கும் பரிசுக்கும்தான்.