சிங்க்குக்கு அடியில் கொஞ்சம் வரலாறு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தருமபுரி பக்கம். காலைல ஆறு மணிக்கே அம்மா எழுப்பிட்டாங்க. "கண்ணு, மெஷினுக்கு அடில தண்ணி ஒழுகுது, வந்து பாரு."

முட்டிவலியோட நின்னு பாத்திரம் தேய்க்க முடியலைன்னு டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்தது நான்தான். அப்போ ரிப்பேரும் நான்தானே!

டார்ச்சோட சிங்க்குக்கு அடியில படுத்தேன். மெஷினோட அழுக்குத்தண்ணி ஹோஸ், சிங்க் வேஸ்ட் பைப்போட சேர்ற இடத்துல கிளாம்ப் துருப்பிடிச்சு லூஸ். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, கீழே வாளி வச்சேன். ஹோஸ் நுனியில வெடிச்சிருந்த ஒரு இன்ச்சை வெட்டிட்டு, துருப்பிடிக்காத புது கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஹோஸை மேடைக்கு அடி வரைக்கும் உயர்த்திக் கட்டி, அப்புறம்தான் கீழே இறக்கினேன். இல்லைன்னா சிங்க் தண்ணி கழுவின பாத்திரத்துக்கே திரும்பி வந்துடும்.

படுத்தபடியே அந்த வளைஞ்ச பைப்பைப் பார்த்தேன். 1775ல் லண்டன்ல கடிகாரம் செஞ்சுக்கிட்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக்காக காப்புரிமை வாங்கின வளைவு அது. அதுல தேங்கி நிக்கிற கொஞ்சம் தண்ணி சாக்கடை நாத்தத்தை மேலே வரவிடாம மறிக்குது. அவ்வளவுதான் சங்கதி. இன்னைக்கும் நம்ம வீட்டு சிங்க்குக்கு அடியில அதே ஐடியாதான்.

டிஷ்வாஷர் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஜோசபின் காக்ரேன்னு ஒரு அம்மா. பீங்கான் தட்டையெல்லாம் தேய்க்கிறப்போ உடைக்கிறாங்கன்னு அவங்களுக்கு ஒரே எரிச்சல். 1883ல் கணவர் கடனை விட்டுட்டு இறந்துட்டார். ஒரு மெக்கானிக்கை வச்சு மெஷின் செஞ்சு, 1886 டிசம்பர்ல காப்புரிமை வாங்கிட்டாங்க. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியிலும் அது இருந்துச்சு. ஆனா வாங்கினது பெரும்பாலும் ஹோட்டல்கள்தான். வீடுகள்ல அவ்வளவு வெந்நீருக்கு வழியில்லை.

இங்கதான் எனக்கு உறைச்சது. மெஷின் இருந்தா மட்டும் போதாது, தண்ணி வரணும். நல்ல தண்ணி வரணும்.

எங்க மாவட்டத்துல பாறைக்குள்ள இருந்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு கரையுது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா பல்லுல கறை. பல வருஷம் குடிச்சா எலும்பும் மூட்டும் போச்சு. கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் பக்கத்துல எலும்பைத் தாக்கும் இந்த நோயை 1937லேயே மருத்துவர்கள் பதிவு பண்ணிட்டாங்க.

தீர்வு காவிரி. ஒகேனக்கல் தண்ணிக்கு 1998ல் மத்திய அரசு சம்மதம். 2008 பிப்ரவரில அடிக்கல், கர்நாடகத்துல எதிர்ப்பு, ஜப்பான் கடன், சுமார் 1,928 கோடி ரூபாய். 2013 மே மாசம்தான் தொடக்க விழா. அதாவது, காக்ரேன் அம்மா காப்புரிமை வாங்கி 126 வருஷத்துக்கும் மேல கழிச்சு!

அப்போ நான் ஹைஸ்கூல். என் முன்பல்லுல மஞ்சள் கோடு விழுந்து முடிஞ்சிருந்துச்சு. "ஒழுங்கா பல்லு வெளக்கு"ன்னு அம்மா தினமும் திட்டுவாங்க. நானும் ஈறுல ரத்தம் வர்ற அளவுக்குத் தேய்ப்பேன். போட்டோல வாயைத் திறந்து சிரிச்சதே கிடையாது. கோளாறு தண்ணியிலன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை.

எந்திரிச்சு வாளியைக் கொட்டப் போனேன். "கொட்டாதடா, வாசல் கழுவிக்கிறேன்"ன்னு வாங்கிட்டாங்க. குடத்துல இருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாங்க. "இதைக் குடி, ஆத்துத் தண்ணி."

"அப்ப உன்னைச் சும்மா திட்டிட்டேன் கண்ணு"ன்னாங்க. நான் சிரிச்சேன். வாயைத் திறந்தே :-)

டிஸ்கி: மெஷின்ல உப்பு போடுறது தண்ணியோட கடினத்தன்மையைக் குறைக்கத்தான். ஃப்ளோரைடு அதுல போகாது மக்களே!