சீராம்பூரில் ஒரு கூட்டுக் குடும்பம்

அந்நாளில் கல்கத்தா என வழங்கிய நகருக்கு வடக்கே சுமார் 15 மைல் தொலைவில், ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், சீராம்பூர் அமைந்திருக்கிறது. நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனிஷ்காரர்களின் வசம் இருந்த ஊர். இரண்டையும் அவர்கள் 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமார்களுக்கு இடங்கொடாத அக்காலத்தில், டேனிஷ் கொடியின் நிழலில் சில ஆங்கிலக் குடும்பங்கள் அங்கே ஒன்றாகக் குடியேறின. அவர்கள் அச்சிட்ட நூல்களைப் பற்றியும் நிறுவிய கல்லூரியைப் பற்றியும் பலர் எழுதியிருக்கின்றனர். அன்றாட வேலையின் சுமையில் அவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கிக்கொண்டனர் என்பதையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

வில்லியம் கேரி 1800-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள் சீராம்பூருக்கு வந்து சேர்ந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னரே வார்டும் மார்ஷ்மனும் அங்கு வந்துவிட்டனர். வார்டு அச்சுத்தொழில் பயின்றவர், பத்திரிகை நடத்தியவர். மார்ஷ்மன் ஒரு நெசவாளியின் மகன், பள்ளி ஆசிரியர். கேரியோ இளமையில் செருப்புத் தைத்து வயிறு வளர்த்தவர். மூவரும் உழைத்து உண்ட குடிகளில் பிறந்தவர்கள் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் நடந்தவற்றிற்கெல்லாம் அதுவே அடிப்படை எனத் தோன்றுகிறது.

கேரி இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் மாவட்டத்தில் 1761-ஆம் ஆண்டில் பிறந்தார். தோல் தைக்கும் பட்டறையின் சுவரில் உலகப் படம் ஒன்றைத் தாமே வரைந்து ஒட்டிவைத்து, ஊசி ஓடும்போதே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அவருக்கு வேலை கொடுத்துவந்த செருப்பு வியாபாரி ஒருவர், இனிச் செருப்புத் தைக்க வேண்டாம், படிப்பைக் கவனியும் என்று கூறி, வாரந்தோறும் 10 ஷில்லிங் தாமே கொடுக்க முன்வந்தார். ஊக்கம் என்பது சிலவேளை இப்படிக் காசு வடிவிலும் வருவதுண்டு. முதுமையில் கேரி தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: சலியாமல் மெள்ள மெள்ள நடக்கத் தமக்குத் தெரியும், அதற்கு மேல் தம்மைப் புகழ்வது மிகை. பெரிய விருந்து ஒன்றில், இவர் முன்பு செருப்புச் செய்பவராக இருந்தவரல்லவா என்று ஒரு படைத்தலைவர் அவர் காதில் விழும்படி கேட்டதாகவும், அவ்வளவு பெரிய தொழில்கூட அல்ல, பழஞ்செருப்புத் தைப்பவனாகத்தான் இருந்தேன் என்று கேரி விடையிறுத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

அவருடைய தங்கை மேரி வாதநோயால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தவர். வலக்கை ஒன்றுதான் வழங்கியது. அந்தக் கையால், தலையணைகளில் சாய்ந்தபடி, கடல் கடந்திருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதிவந்தார். அண்ணனும் தம் வேலையின் ஒவ்வொரு நிலையையும் அவருக்குத் தெரிவித்துவந்தார். யார் யாருக்கு ஆறுதல் கூறினார் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

சீராம்பூர்க் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தன. ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு மாதம் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்தனர். தனி வியாபாரம் செய்தல் விலக்கப்பட்டது. ஈட்டிய பொருள் அனைத்தும் பொது நிதிக்கே உரியது. கேரி 1801-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து மாதம் 500 ரூபாய் பெற்றார். மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் நடத்திய பள்ளிகளும் நல்ல வருவாய் தந்தன. அவை யாவும் பொதுப் பெட்டிக்கே சென்றன. குடும்பத்திற்குச் சிறு தொகையும், கல்லூரிக்கும் கவர்னர் மாளிகைக்கும் சென்றுவரத் தக்க உடைக்கென்று இன்னும் கொஞ்சமும் கேரி பெற்றுக்கொண்டார். நம் நாட்டுக் கூட்டுக் குடும்பத்தை அறிந்தோர்க்கு இந்த ஏற்பாட்டின் நன்மையும் தெரியும். அதில் நாள்தோறும் முளைக்கும் சிறு பூசல்களும் தெரியும். அப்பூசல்களுக்கும் அவர்கள் ஒரு வழி கண்டிருந்தனர். சனிக்கிழமை மாலைதோறும் கூடி, அவ்வாரத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு ஏற்பட்ட மனத்தாங்கலை வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்வர். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்கு எந்தக் கசப்பையும் கொண்டுசெல்லலாகாது. எங்கள் எண்ணத்தில், அவர்கள் விடுத்த பிரசங்கங்கள் அனைத்தையும்விட இச்சனிக்கிழமைக் கூட்டமே மேலான சாதனையாகும்.

1805-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் தங்கள் கடமைகளை ஓர் உடன்படிக்கையாக எழுதிக்கொண்டு, அதனை ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு நிலையத்திலும் உரக்கப் படிக்கவேண்டும் என்று விதித்தனர். ஒருமுறை செய்த உறுதி உலர்ந்துபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

கேரி 1806-இல் எழுதிய கடிதம் ஒன்றில் தம் ஒரு நாளை விவரித்திருக்கிறார். ஆறு மணிக்குக் கால் மணி முன்னரே எழுந்து எபிரெய வேதம் படித்தல், வேலையாட்களோடு வங்காளியில் பிரார்த்தனை, முன்ஷியோடு பாரசீகம், பண்டிதரோடு இராமாயண மொழிபெயர்ப்பு, கல்லூரி, அச்சுப்படி திருத்தல், மாலையில் தெலுங்குப் பண்டிதர், இரவில் பிரசங்கம், பின்னர் மறுபடியும் மொழிபெயர்ப்பு. இத்தனைக்கும் இடையே அடுத்த அறையில் அவர் மனைவி டாரதி சித்தம் கலங்கிய நிலையில் இருந்தார். இந்தியாவிற்கு வந்த மறு ஆண்டு மகன் பீட்டர் இறந்த துயரத்திற்குப்பின் அவர் மீளவே இல்லை; 1807-இல் காலமானார். ஒருவரையொருவர் தேற்றுவதற்கென்றே விதி வகுத்துக்கொண்ட அவ்வீட்டில் அவ்வம்மையாரைத் தேற்ற வழியில்லாமற்போயிற்று. கேரியின் சலியாமையைப் போற்றும் நூல்கள் இதனை இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது நியாயமாகப் படவில்லை.

இனி 1812-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாளுக்கு வருவோம். அச்சுக்கூடம் 200 அடி நீளமும் 50 அடி அகலமும் உடைய பெருங்கட்டிடம். மாலை ஆறு மணியளவில், வார்டு தம் மேசையருகே இருந்தபோது, காகிதக் கிடங்கிலிருந்து புகை எழுந்தது. கதவுகளையும் சன்னல்களையும் அடைத்து, கூரையைத் துளைத்து நீர் ஊற்றி, நான்கு மணி நேரம் நெருப்பை அடக்கிவைத்தனர். தீ அணைந்துவிடும் என்ற நம்பிக்கையும் பிறந்தது. அந்நிலையில் யாரோ ஒரு சன்னலைத் திறந்துவிட்டார். காற்றுப் புகுந்ததும் தீ கட்டிடம் முழுவதும் பரவியது. நள்ளிரவில் கூரை இடிந்து வீழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த காகிதமும், பதினான்கு மொழிகளின் அச்செழுத்துகளும் போயின. தமிழ் எழுத்தும் அவற்றுள் ஒன்று. கேரி பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி சாம்பலாயிற்று. இரண்டு மொழிகளின் இலக்கணங்களும் இராமாயண மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியும் அதனுடன் சென்றன. அச்சானதை மறுபடி அச்சிடலாம். கையெழுத்துப் படியோ ஒன்றே ஒன்று.

கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாட் காலை மார்ஷ்மன் சென்று செய்தியைச் சொன்னார். மாலையில் திரும்பிவந்து சாம்பலிடையே நடந்த கேரியின் கண்களில் நீர் பெருகிற்று. எனினும் அதற்குள் வார்டு இடிபாடுகளைக் கிளறத் தொடங்கியிருந்தார். எழுத்து வார்க்கும் அச்சுமூலங்கள் சிதையாமல் அகப்பட்டன. பக்கத்துக் கட்டிடத்திலிருந்த ஐந்து அச்சுப்பொறிகளும் தப்பியிருந்தன. உருகி உறைந்த ஈயத்தைக் கட்டிகட்டியாகப் பொறுக்கியெடுத்தபோது அது மூன்று டன்னுக்கு மேல் தேறியது. வேறொரு கிடங்கை ஒழித்து, வார்ப்புத் தொழிலாளர் இரவு பகலாக முறைபோட்டு வேலை செய்தனர். சென்ற வழியிலேயே இரண்டாம் முறை நடப்பது எளிதாயிருக்கும், இழந்ததைவிடச் செம்மையாகவே மொழிபெயர்ப்பு அமையலாம் என்று கேரி நண்பர்க்கு எழுதினார். தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட தேறுதலாகவே அது நமக்குப் படுகிறது. அகராதி மட்டும் மறுபடி எழுதப்படவே இல்லை. தீக்குப்பின் வார்த்த எழுத்துகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813-இல் அங்கே அச்சாயிற்று.

செய்தி இங்கிலாந்தை எட்டியதும், ஐம்பது நாட்களுக்குள் 10,000 பவுன் திரண்டது. சங்கத்தின் செயலாளர் ஆண்டிரூ புல்லர், போதும், இனி அனுப்பவேண்டாம் என்று அறிவிக்க நேர்ந்தது. அதே புல்லர், இத்தீயால் வந்த புகழைக் குறித்துச் சீராம்பூரார்க்கு எச்சரிக்கையும் எழுதினார். நண்பர் செய்யத்தக்க உதவியுள் இதுவும் ஒன்றன்றோ?

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. 1815-இல் புல்லர் இறந்தபின், பொதுநிதியைப் பற்றி ஐயங்கள் கிளம்பின. புதிதாக வந்த இளைஞர் சிலர் முதியோரோடு ஒத்துப்போகாமல் கல்கத்தாவில் தனி நிலையம் அமைத்தனர். 1827-இல் சீராம்பூர் தாய்ச்சங்கத்தினின்றே பிரிந்தது. மூவருக்குள் நிலைத்த ஒற்றுமை அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தின் பழக்கம் விதியாக எழுதிக் கொடுக்கக்கூடியது அன்று போலும். வார்டு 1823-இல் வாந்திபேதியால் இறந்தார். கேரி 1834-இலும், மார்ஷ்மன் 1837-இலும் மறைந்தனர்.

தீக்குப்பின் எழுத்துகளை மீட்ட கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சீராம்பூரின் முதல் வங்காள எழுத்துகளை வெட்டியவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கொல்லர். அவரிடம் தொழில் கற்ற மருமகன் மனோகர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவ்வச்சுக்கூடத்தில் பல மொழிகளுக்கு எழுத்து வெட்டினார். அவர் கிறிஸ்துவராகவில்லை, ஆகும்படி கட்டாயமும் இல்லை. 1839-இல், மூவரும் மறைந்தபின், அங்கே சென்ற பாதிரியார் ஒருவர், தம் குலதெய்வத்தின் படத்திற்குக் கீழே அமர்ந்து மனோகர் விவிலியத்திற்கான எழுத்துகளைச் செதுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.