காத்து அடிச்சும் மறுபடி மறுபடி எரியுதா டயர் லைட்? ‘சென்சார் கம்ப்ளைன்ட்’னு விட்டுடாதீங்க... மதுரை வெயிலில் கவனிக்க வேண்டியவை!

புது கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் மஞ்சள் லைட் எரிகிறது. பெட்ரோல் பங்குக்குப் போய் காத்து அடித்ததும் அணைந்துவிடுகிறது. பத்து நாளில் மறுபடியும் அதே லைட். இன்னொரு தடவை அடித்தாலும் அதே கதை. மூன்றாவது முறை பலரும் எடுக்கும் முடிவு, ‘இது சென்சார் கம்ப்ளைன்ட், கண்டுக்க வேண்டாம்’ என்பதுதான்.

ஆனால் பெரும்பாலான நேரங்களில் லைட் சொல்வது உண்மையாகவே இருக்கிறது. காத்து அடித்த நேரம், அடித்த விதம், கண்ணுக்குத் தெரியாத சின்ன பஞ்சர் என காரணம் வேறெங்கோ இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரை வெயிலில், நான்கு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அந்த லைட் என்ன?

குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. இதுதான் ‘டிபிஎம்எஸ்’ எனப்படும் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பின் அடையாளம். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்த்து ஒரு சென்சார் இருக்கும். எந்த டயரில் எத்தனை பிஎஸ்ஐ இருக்கிறது என்பதைத் திரையில் தனித்தனியாகக் காட்டும்.

இரண்டாவது வகையில் டயருக்குள் எதுவும் இருக்காது. காத்து குறைந்த டயரின் சுற்றளவு லேசாகச் சுருங்குவதால், அது மற்ற டயர்களை விட கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை வைத்து கார் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். டாடா கார்களில் ‘ஐ-டிபிஎம்எஸ்’ என்று சொல்வது இந்த வகைதான். இதில் பிஎஸ்ஐ எண் தெரியாது, எச்சரிக்கை மட்டுமே வரும்.

இது எப்படி வந்தது?

அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே பிரிந்து 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதையடுத்து 2000-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது. 2008 மாடல் கார்களில் இருந்து இந்த எச்சரிக்கை லைட் கட்டாயமானது. பரிந்துரைத்த அளவில் இருந்து 25% குறைந்தால் லைட் எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லா புது கார்களுக்கும் கட்டாயம். அங்கே 20% குறைந்தாலே எரிய வேண்டும்.

இந்தியாவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூலையில் விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் 3.5 டன் வரையிலான வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால் சில புது கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. லைட்டைக் கண்டுகொள்ளாமல் போய் நடுவழியில் டயர் போனால், மாற்றிப் போட ஒன்றும் இருக்காது.

காலையில் எரியுது, மதியம் அணையுது... ஏன்?

மதுரைக்காரர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். உதாரணமாக, கார் கம்பெனி சொல்லும் அளவு 33 பிஎஸ்ஐ. விருதுநகரில் இருந்து நான்கு வழிச்சாலையில் வந்து, மதியம் 3 மணிக்கு பங்கில் காத்து அடிக்கிறீர்கள். ஓடி வந்த சூட்டில் டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரி வரை இருக்கலாம். மெஷின் 33 என்று காட்டுகிறது. ஆனால் அது சூட்டில் விரிந்த காற்றின் கணக்கு.

மறுநாள் காலை 26 டிகிரியில் கார் நிற்கும்போது அதே டயரில் சுமார் 28 பிஎஸ்ஐ-தான் இருக்கும். எங்கேயும் பஞ்சர் இல்லை, ஆனால் 5 பிஎஸ்ஐ குறைவு. வெப்பம் 10 டிகிரி மாறினால் டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும் என்பது தோராயக் கணக்கு.

நல்ல டயரில் இருந்தே மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ தானாகக் குறையும். ஒரு மாதத்தில் 28 என்பது 26 ஆகிவிட்டால் காலையில் லைட் எரியும். கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் அழுத்தம் ஏறி அணைந்துவிடும். ‘பாத்தியா, தானா சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடுவோம். உண்மையில் டயர் நாள் முழுக்க குறைந்த காத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொடைக்கானல் போகும்போதும் குளிரில் காத்து குறையும். ஆனால் உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் அதில் பெரும்பகுதி ஈடாகிவிடும். எனவே மலையில் லைட் எரிந்தால் குளிர் மேல் பழி போடாமல், கேஜ் வைத்து நான்கு டயரையும் பார்த்துவிடுவது நல்லது.

‘வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு அடிங்க’ - சரியா?

தவறு. வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து 33-க்குப் பதில் 28 அடிக்கச் சொல்பவர்கள் நம்மூரில் நிறைய பேர். நடப்பது நேர்மாறு. காத்து குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பிலேயே சூடு உருவாகிறது. கொதிக்கும் தார் ரோடு, முழு லோடு, வேகம் எல்லாம் சேரும்போது டயரின் உள்கட்டு தளர்ந்து வெடிப்பில் முடியும். வெயிலில் ஏறும் 4, 5 பிஎஸ்ஐ-யைத் தாங்கும் விதமாகத்தான் டயர் தயாரிக்கப்படுகிறது. அதேபோல சூடான டயரில் அளவு அதிகமாகக் காட்டுகிறது என்று காத்தை இறக்கிவிடவும் கூடாது.

நைட்ரஜன் அடித்தால் இந்தப் பிரச்சினை வராதா என்ற கேள்வியும் உண்டு. சாதாரண காற்றிலேயே 78% நைட்ரஜன்தான். சூட்டுக்கு விரிவதும் குளிருக்குச் சுருங்குவதும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எப்போ, எவ்வளவு அடிக்கணும்?

* சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்திலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதை அடிக்கக் கூடாது.

* கார் குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு, வெயில் ஏறும் முன் பார்ப்பதே சரி.

* பங்க் தூரமாக இருந்தால் வீட்டிலேயே கேஜ் வைத்துப் பாருங்கள். 33-க்கு 28 இருந்தால் 5 குறைவு. பங்கில் சூட்டோடு 31 காட்டினால், 36 வரை அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்குகளில் காத்து இலவசம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி.

* குடும்பத்தோடு, லக்கேஜோடு போனால் ஸ்டிக்கரில் ‘முழு லோடு’ அளவு தனியாக இருக்கும். அதைப் பின்பற்றுங்கள்.

ஒரே டயர் மட்டும் குறையுதா?

நான்கும் சேர்ந்து குறைந்தால் வெப்பமோ, நாள்பட்டதோ காரணம். ஒரே டயர் மட்டும் குறைந்தால் அது பஞ்சர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் கிராமத்து ரோடுகளில் சீமைக்கருவேல முள் சாதாரணம். டியூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ ஏறினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். வாரத்துக்கு 2, 3 பிஎஸ்ஐ என்று கசியும்போது டயரைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

பஞ்சர் கடையில் டயர் முழுக்க சோப்புத் தண்ணி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் ஓடும் பகுதியோடு வால்வு, வால்வின் அடிப்பகுதி, டயரும் ரிம்மும் சேரும் ஓரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்திருந்தால் அந்த ஓரத்தில்தான் கசியும். முக்கியமாக, டயரைக் கழற்றும் முன்பே ‘அண்ணே, உள்ள சென்சார் இருக்கு, பாத்து கழட்டுங்க’ என்று சொல்லிவிடுங்கள். கடப்பாரை வால்வு பக்கம் பட்டால் சென்சார் உடைந்துவிடும்.

காத்து சரியா இருந்தும் எரியுதா?

சென்சார் இருக்கும் கார் என்றால் காத்து அடித்த உடனே அணையாது. சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகே புது அளவைக் காட்டும்.

சென்சார் இல்லாத வகை என்றால் காத்து அடித்த பிறகும், டயரை இடம் மாற்றிய பிறகும் ரீசெட் செய்ய வேண்டும். இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. காத்தைப் பார்க்காமல் ரீசெட் மட்டும் அழுத்தினால், குறைந்திருக்கும் அளவையே ‘இதுதான் சரி’ என்று கார் எடுத்துக்கொள்ளும். லைட் போய்விடும், ஆபத்து போகாது.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக எரிந்தால் அது பொதுவாக அமைப்பிலேயே கோளாறு என்பதற்கான அடையாளம். சென்சாரின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரும். அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் ‘சென்சார் கம்ப்ளைன்ட்’ என்ற பேச்சு பொருந்தும். அதற்கு சர்வீஸ் சென்டர் போக வேண்டும்.

ஓடும்போது எரிந்தால்?

சட்டென்று பிரேக் அடிக்க வேண்டாம். வேகத்தை மெல்லக் குறைத்து, பாலத்தையும் வளைவையும் தவிர்த்து இடது ஓரமாக நிறுத்துங்கள். ஹசார்டு லைட் போட்டுவிட்டு நான்கு டயரையும் பாருங்கள். ஒரு டயர் சப்பையாக இருந்தால் அங்கிருந்து ஓட்ட வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

லைட் திரும்பத் திரும்ப எரிகிறது என்றால், இரண்டு வாரம் காலையில் நான்கு டயரின் அளவையும் செல்போனில் குறித்து வையுங்கள். எந்த டயர், எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பஞ்சர் கடைக்குப் போவதா, சர்வீஸ் சென்டருக்குப் போவதா என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிவிடும்.