தமிழ்நாட்டின் பிராந்திய வான்சேவை நிறுவனங்கள்

தமிழ்நாட்டின் பிராந்திய வான்சேவை நிறுவனங்கள் என்பவை தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய பயணிகள் வானூர்தி நிறுவனங்கள் ஆகும். என்.ஈ.பி.சி. ஏர்லைன்ஸ், பாரமவுண்ட் ஏர்வேஸ், ஏர் கார்னிவல் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இம்மூன்றும் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சேவையை நிறுத்தின.

பின்னணி

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மும்பைக்கு அஞ்சல் வானூர்தியை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டு சென்றார். 1953இல் இந்தியாவின் வான்சேவைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. எட்டு நிறுவனங்கள் இணைக்கப்பட்டு, உள்நாட்டுச் சேவைக்கென இந்தியன் ஏர்லைன்ஸ் உருவாக்கப்பட்டது. அச்சட்டம் 1994இல் நீக்கப்பட்ட பின்னரே தனியார் நிறுவனங்கள் கால அட்டவணைப்படி சேவை நடத்த முழுமையாக வழி ஏற்பட்டது.

நிறுவனங்கள்

என்.ஈ.பி.சி. ஏர்லைன்ஸ்: காற்றாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த சென்னைக் குழுமம் ஒன்றினால் 1990களில் தொடங்கப்பட்டது. போக்கர் எப்-27 வானூர்திகளை இயக்கியது. மும்பையின் தமானியா ஏர்வேசையும் வாங்கியது. 1997இல் சேவை நின்றது.

பாரமவுண்ட் ஏர்வேஸ்: ஜவுளித் தொழிலில் இருந்த குழுமம் ஒன்றினால் 2005 அக்டோபரில் சேவை தொடங்கப்பட்டது. பிரேசில் நாட்டு எம்பிரேயர் 170, 175 வகைச் சிறு தாரை வானூர்திகளைக் குத்தகைக்கு எடுத்து, தென்னிந்திய நகரங்களுக்கிடையே இயக்கியது. வாடகை தொடர்பாகக் குத்தகை நிறுவனங்களுடன் ஏற்பட்ட பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2010இல் சேவை நின்றது.

ஏர் கார்னிவல்: கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2016 சூலையில் சேவையைத் தொடங்கியது. டர்போபிராப் வகையைச் சேர்ந்த ஏ.டி.ஆர். 72 வானூர்தியை இயக்கியது. ஓராண்டு நிறைவடையும் முன்னரே, 2017இல் சேவை நின்றது.

சிறு வானூர்திகளின் பொருளாதாரம்

இந்தியாவில் 40,000 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ள வானூர்திகளின் எரிபொருளுக்கு 4% விற்பனை வரி மட்டுமே விதிக்கப்பட்டது. பெரிய வானூர்திகளுக்குப் பல மாநிலங்களில் இதைவிடப் பன்மடங்கு வரி இருந்தது. 80க்குக் குறைந்த இருக்கைகள் கொண்ட வானூர்திகளுக்குத் தரையிறங்கு கட்டணத்திலிருந்தும் விலக்கு உண்டு. பாரமவுண்ட் நிறுவனம் எம்பிரேயரைத் தேர்ந்தெடுத்ததற்கு இச்சலுகைகள் முக்கியக் காரணமாகும்.

எனினும், குத்தகை வாடகை பெரும்பாலும் அமெரிக்க டாலரில் செலுத்தப்பட வேண்டியது. பயணிகள் குறைந்தாலும் வாடகை குறைவதில்லை. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் அது மேலும் கூடும். ஓரிரு வானூர்திகளை மட்டும் கொண்ட நிறுவனத்தில் ஒன்று பழுதடைந்தாலே கால அட்டவணை குலைந்துவிடும். பல வழித்தடங்களைக் கொண்ட பெரிய நிறுவனங்கள் ஒரு தடத்தின் இழப்பை மற்றொன்றின் வருவாயால் ஈடுசெய்ய இயலும். சிறு நிறுவனங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தாக்கம்

திருப்பூர், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் ஆகிய பகுதிகளில் வாழ்வோர் வான்பயணத்திற்குக் கோயம்புத்தூர் வானூர்தி நிலையத்தையே பெரிதும் சார்ந்துள்ளனர். பின்னலாடைத் தொழிலுக்காக வந்து செல்லும் வணிகர்களுக்கும் அதுவே வாயில் ஆகும். ஏர் கார்னிவல் நின்ற பின்னரும் பிற மாநில நிறுவனங்களின் சேவைகள் அங்கு தொடர்ந்தன. சிறு நகரங்களின் நிலை வேறு. உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் சென்னை - சேலம் சேவை தொடங்கப்பட்டது. பின்னர் அது நின்றுபோனதால், 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்கள் சேவையைத் தொடங்கும் வரை சேலம் நிலையம் பயணிகள் வானூர்தியின்றி இருந்தது.